பாதியும் முழுமையும்

கள்வராயன் மலைக்குக் கிழக்கே, தென்பெண்ணையாற்றுக்குத் தெற்கே அமைந்த சமவெளியில் ரிஷிவந்தியம் என்னும் ஊர் உள்ளது. 2019ஆம் ஆண்டு தனி மாவட்டமாக அமைந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது இவ்வூர். முனிவர்கள் வந்தித்த, அஃதாவது வணங்கிய, இடமாதலின் இப்பெயர் பெற்றது என்பர். இங்குள்ள பழைமையான சிவன் கோயிலில் இறைவன் அர்த்தநாரீசுவரர் என்னும் பெயர் பூண்டு எழுந்தருளியிருக்கிறான். அம்மையின் பெயர் முத்தாம்பிகை. கருவறையில் காண்பது சிவலிங்கமே. ஆயினும், தேன்கொண்டு திருமுழுக்காட்டும்பொழுது அந்த லிங்கத்தில் அம்மையும் அப்பனும் ஓருடலாய் நிற்கும் வடிவம் தோன்றும் என்பது அடியார்களின் நம்பிக்கை. ஒரே கல்தான், காணும் கண்ணும் ஒன்றே. எனினும், ஒரு வேளையில் ஓர் உருவமும் மற்றொரு வேளையில் வேறோர் உருவமும் அங்கே காணப்படுவதாக மக்கள் கருதுகின்றனர்.

அம்மையப்பன் வடிவத்தோடு இணைத்துச் சொல்லப்படும் பழங்கதை ஒன்று உண்டு. பிருங்கி என்னும் முனிவர் சிவபெருமானை அன்றி வேறு எவரையும் வணங்குவதில்லை என்று உறுதி பூண்டிருந்தார். கயிலையில் இறைவனுடன் அமர்ந்திருந்த உமையம்மையை விலக்கி, இறைவனை மட்டுமே வலம் வந்தார். அதனைக் கண்ட அம்மை, இறைவன் உடம்பில் ஒரு பாதியாயினாள். அப்பொழுதும் முனிவர் தம் கொள்கையைத் தளர்த்தவில்லை. வண்டின் உருவங்கொண்டு, அவ்விரு பாதிக்கும் இடையே துளைத்துச் சென்று, ஒரு பாதியை மட்டும் சுற்ற முயன்றார். அதனால் அம்மை சினந்தாள். முனிவர் உடலில் இருந்த வலிமை அனைத்தும் நீங்கியது. எலும்புருவாய் நிற்கவும் இயலாது தள்ளாடிய அவருக்கு இறைவன் மூன்றாவது கால் ஒன்றை அருளினான். கோயிற் சிற்பங்களில் மூன்று காலோடு காணப்படும் முனிவர் இவரே.

பிருங்கி முனிவர் இறைவனை வெறுத்தவர் அல்லர். அவனிடத்து ஆழ்ந்த அன்பு கொண்டவர். பிழை அன்பில் இல்லை. தாம் கண்ட பாதியே முழுமை என்று துணிந்தமையே பிழை. அத்துணிவு அவரை முழுமையையே துளைக்கத் தூண்டியது. சமயங்களின் பெயரால் உலகில் நிகழ்ந்த பூசல்களை ஆராய்ந்து நோக்குவார்க்கு இக்கதையின் பொருள் நன்கு விளங்கும்.

'கடவுள்' என்னும் தமிழ்ச் சொல்லுக்கு, எல்லாவற்றையும் கடந்து நிற்பது என்றும், எல்லாவற்றின் உள்ளும் நிற்பது என்றும் சான்றோர் பொருள் கூறுவர். அனைத்தையும் கடந்த பொருளை மனிதன் தன் சிற்றறிவால் முழுதும் அளந்துவிட முடியுமா? தான் பிறந்த குடி, தான் பேசும் மொழி, தான் வாழும் நிலம் ஆகியவற்றின் வழியாகவே ஒருவன் இறைவனை நினைக்கத் தொடங்குகிறான். அது குற்றமன்று, இயல்பு. தன் குடத்தில் அடங்கிய நீரே கடல் என்று எண்ணத் தொடங்கும்பொழுதுதான் குற்றம் பிறக்கிறது.

பௌத்தர்களின் 'உதானம்' என்னும் பாலி நூலில் ஒரு கதை உள்ளது. சாவத்தி நகரத்து அரசன் ஒருவன், பிறவியிலேயே பார்வையற்றவர் பலரை அழைத்து, அவர்கள் நடுவே ஒரு யானையை நிறுத்தினான். தலையைத் தொட்டவர் யானை பானை போன்றது என்றனர். காலைத் தொட்டவர் தூண் போன்றது என்றனர். ஒருவர் கூற்றை மற்றவர் மறுக்கவே, சொற்போர் கைகலப்பாயிற்று. இக்கதையைப் பாரசீகக் கவிஞர் ரூமியும் வேறு வகையாகக் கூறியுள்ளார். கதையை அறிந்தவர் பலர். ஆனால் அதில் வரும் ஒரு சிறு செய்தியை உன்னுவோர் சிலரே. அவர்கள் அடித்துக்கொண்டதைக் கண்டு அரசன் மகிழ்ந்தான் என்று உதானம் கூறுகிறது. தொட்டவர்க்குப் பூசல், பார்த்தவனுக்குக் கேளிக்கை! சமயப் பூசலால் மகிழ்வோர், பயன்பெறுவோர் பெரும்பாலும் அப்பூசலுக்கு வெளியே நிற்பவரே என்பதை இச்செய்தி உணர்த்துகிறது.

ரிஷிவந்தியத்தைத் தன்னகத்தே கொண்ட நடுநாட்டின் பழைய வரலாறே இதற்குச் சான்றாகும். ஏழாம் நூற்றாண்டில் இந்நாட்டுத் திருவாமூரில் மருணீக்கியார் என்பவர் தோன்றினார். அவர் சமண சமயத்தைத் தழுவி, பாடலிபுத்திரம் எனப்பட்ட திருப்பாதிரிப்புலியூரில் இருந்த சமணப் பள்ளியில் சேர்ந்து, தருமசேனர் என்னும் பெயரோடு தலைமை பெற்றார். பின்னர்த் தம் தமக்கையார் திலகவதியாரின் வழிகாட்டுதலால் மீண்டும் சைவராகித் திருநாவுக்கரசர் ஆனார். சமயம் மாறியமைக்காகப் பல்லவ அரசன் அவரை நீற்றறையில் இட்டான், நஞ்சூட்டினான், யானையை ஏவினான், கல்லோடு பிணித்துக் கடலில் எறிந்தான் என்று சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடுகிறார். இறுதியில் அவ்வரசனும் சைவனாகி, பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்து, அவற்றின் கற்களைக்கொண்டு திருவதிகையில் சிவன் கோயில் ஒன்று எழுப்பினான் என்றும் அந்நூல் கூறுகிறது.

இவ்வரலாறு பன்னிரண்டாம் நூற்றாண்டில், வென்ற சமயத்தார் வழியில் எழுதப்பட்டது என்பதை மறத்தல் ஆகாது. எனினும், அதில் கூறப்படும் இரு செயல்களையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். முதலில், சமண அரசனின் ஆற்றல் ஒரு சைவரை ஒறுத்தது. பின்னர், சைவ அரசனின் ஆற்றல் சமணப் பள்ளியை இடித்தது. அரசனின் சமயம் மாறியது. ஆனால் அவன் கையிலிருந்த படைக்கலம் மாறவில்லை. ஓர் எறும்புக்கும் தீங்கு நினையாத கொல்லாமையைச் சமணம் போற்றியது. அன்பே சிவமென்று சைவம் போற்றியது. இவ்விரு சமயங்களின் பெயராலும் கொடுமை நிகழ்ந்தது எனின், அக்கொடுமைக்கு வேர் சமயத்தில் இல்லை. அதிகாரத்தோடு சமயம் கொண்ட உறவில் உள்ளது என்பது தெளிவு.

நடுநாட்டில் சமணம் அதனோடு அழிந்துவிடவில்லை. உளுந்தூர்ப்பேட்டை வட்டத்துத் திருநறுங்கொண்டையில், இருபத்து மூன்றாம் தீர்த்தங்கரராகிய பார்சுவநாதரை 'அப்பாண்டைநாதர்' என்னும் தமிழ்ப் பெயரால் சமணர் இன்றும் வழிபடுகின்றனர். அக்குன்றுக் கோயிலும், ரிஷிவந்தியத்துச் சிவன் கோயிலும், திருக்கோவலூரில் உலகளந்த பெருமாள் கோயிலும் இன்று ஒரே மாவட்டத்தில் அமைந்துள்ளன. வேறுபட்ட சமயத்தார் அடுத்தடுத்து வாழ முடியும் என்பதற்கு அந்நிலமே சான்று.

அவ்வாறாயின், பூசல் எவ்வாறு எழுகிறது? அதன் காரணங்களுள் மூன்று குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, பெயரைப் பொருளாக மயங்குதல். நீர் என்பாரும் தண்ணீர் என்பாரும் ஒரே கிணற்றில் முகந்து பருகுகின்றனர். இறைவன் பெயரிலோ இத்தெளிவு எளிதில் வருவதில்லை. 'அல்லாஹ்' என்பது முசுலிம்கள் மட்டுமே வழங்கும் பெயர் எனப் பலர் கருதுகின்றனர். அரபு மொழி பேசும் கிறித்தவரும் கடவுளை அப்பெயரால்தான் அழைக்கின்றனர். தமிழிலும் இத்தகைய சொல் ஒன்று உண்டு. 'பராபரமே' என்று இறைவனை விளித்துத் தாயுமானவர் கண்ணிகள் பாடினார். கிறித்தவ ஊழியராகிய பப்பிரிசியசு, பதினெட்டாம் நூற்றாண்டில் செய்த விவிலிய மொழிபெயர்ப்பில் அதே சொல்லைப் 'பராபரன்' என்னும் வடிவில் வழங்கினார். இசுலாமியச் சூபி ஞானியாகிய குணங்குடி மஸ்தான் சாகிபும் பராபரக்கண்ணி பாடினார். மூன்று சமயத்தாரும் ஒரே தமிழ்ச் சொல்லால் இறைவனை அழைத்தனர். மொழி திறந்து வைத்த கதவை மனிதர் தாமே அடைத்துக்கொள்கின்றனர்.

இரண்டாவது, பிற சமயத்தைப் பற்றி அச்சமயத்தாரிடம் கேளாமல், அதனைப் பழிப்பாரிடம் கேட்டல். ஒரு வீட்டின் நிலையை அறிய வேண்டுமானால், அவ்வீட்டாரோடு வழக்காடுபவரிடம் சென்று கேட்பது முறையாகுமா? உருவ வழிபாடு செய்பவன் கல்லையே கடவுள் என்று நம்புகிறான் என்று ஒருவர் சொல்ல, மற்றவர் நம்புகிறார். உருவமின்றித் தொழுபவனுக்குத் தெய்வத்தினிடம் நெருக்கமில்லை என்று வேறொருவர் சொல்ல, அதனையும் சிலர் நம்புகின்றனர். இருவரும் அண்டை வீட்டில் வாழ்பவரை ஒரு முறையேனும் கேட்டிருப்பின், இம்மயக்கம் நொடியில் நீங்கியிருக்கும்.

மூன்றாவது காரணமே வலிமை மிக்கது. கடவுளைப் பற்றிய பூசல் எனத் தோன்றுவது பெரும்பாலும் கடவுளைப் பற்றியதாக இருப்பதில்லை. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலில் வடகலையார்க்கும் தென்கலையார்க்கும் ஆங்கிலேயர் ஆட்சிக்காலந்தொட்டு வழக்குகள் நிகழ்ந்து வந்துள்ளன. இருசாராரும் வணங்குவது ஒரே பெருமாளை. இருசாராரும் போற்றுவது ஒரே இராமாநுசரை. ஆயினும், யார் முதலில் ஓதுவது, கோயில் யானையின் நெற்றியில் எவ்வகை நாமம் இடுவது என்பன நீதிமன்றப் படியேறின. இங்கே கடவுள் ஒருவரே என்பதில் ஐயமில்லை. மரியாதை யாருக்கு என்பதே வழக்கு.

ஐரோப்பாவில் 1618 முதல் 1648 வரை நிகழ்ந்த முப்பதாண்டுப் போரும் இத்தகையதே. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் ஒரே கிறித்துவை வணங்கியவர். போர் தொடங்கியது சமயத்தின் பெயரால். நீண்டதோ அரசர்களின் மண்ணாசையால். கத்தோலிக்க நாடாகிய பிரான்சு, தன் அரசியல் நலங்கருதிச் சீர்திருத்தச் சபையார் பக்கம் நின்று கத்தோலிக்கப் பேரரசனை எதிர்த்துப் போரிட்டது. இடையில் மாண்டவர் இலட்சக்கணக்கான எளிய மக்கள். இன்றும், ஊர்வலம் எத்தெரு வழியே செல்வது, ஒலிபெருக்கி எவ்வேளையில் முழங்குவது, பொது நிலம் யாருக்கு உரியது என்பனவே பல ஊர்களில் கலகத்திற்கு வித்தாகின்றன. தெருவுக்காக எழுந்த வழக்கைத் தெய்வத்துக்காக எழுந்ததாகச் சொல்லும்பொழுது, நேற்றுவரை ஒரே கடையில் பொருள் வாங்கியவர் இன்று ஒருவரை ஒருவர் அஞ்சி ஒதுங்குகின்றனர்.

இப்பூசலுக்கு மருந்தாக, 'எல்லாச் சமயங்களும் ஒன்றே. வேறுபாடே இல்லை' என்று சிலர் கூறுவர். அவர்தம் நோக்கம் நல்லது. ஆயினும் கூற்று முழுதும் பொருந்துவதன்று. உலகைப் படைத்த கடவுள் ஒருவர் உண்டு என்பதைச் சமணம் ஏற்பதில்லை; தீர்த்தங்கரர் வினை நீங்கி முழுமை பெற்ற உயிர்கள் என்றே அது கொள்ளும். இறைவனுக்கு உருவம் அமைப்பதை இசுலாம் ஏற்பதில்லை. கடவுள் மனிதராய்ப் பிறந்தார் என்பது கிறித்தவத்தின் உயிர்நாடி. இவ்வேறுபாடுகளை இல்லையென்று மறைத்தல், அச்சமயத்தார் உயிரினும் மேலாகப் போற்றுவதை அறியாமல் விடுவதாகும். பிருங்கி மற்றொரு பாதியை விலக்கினார். வேறுபாடே இல்லை என்பவரோ இரு பாதியும் இல்லையென்கிறார். அம்மையப்பன் வடிவத்தில் அம்மை அம்மையாகவே உள்ளாள். அப்பன் அப்பனாகவே உள்ளான். வேறுபாடு அழியாமலேயே ஒற்றுமை அமைகிறது. ஆகவே, வேண்டுவது வேறுபாட்டை மறுத்தல் அன்று. அதனை அறிந்து மதித்தல்.

அவ்வாறு அறிய முயன்றவர் தமிழகத்தில் பலர். உ. வே. சாமிநாதையர் திருவாவடுதுறைச் சைவ மடத்தின் சூழலில், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் பயின்றவர். 1880ஆம் ஆண்டு அவர் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்தபொழுது, சேலம் இராமசாமி முதலியார் அவருக்குச் சீவக சிந்தாமணியை அறிமுகப்படுத்தினார். அது திருத்தக்க தேவர் என்னும் சமண முனிவர் இயற்றிய காப்பியம். எத்துணைத் தமிழ் கற்றிருந்தும், சமணக் கோட்பாடுகளைக் குறிக்கும் இடங்கள் ஐயருக்கு விளங்கவில்லை. அவர் ஊகத்தால் பொருள் எழுதித் தள்ளவில்லை. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர் இல்லங்களுக்குத் தாமே சென்றார். மாணவராய் அமர்ந்து கேட்டார். அவர்களும் தம் சமயக் கருத்துக்களை உவந்து எடுத்துரைத்தனர். 1887ஆம் ஆண்டு சிந்தாமணி அச்சாகி வெளிவந்தது. சைவச் சூழலில் கற்ற ஒருவர் சமணர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்டதனால் தமிழுக்கு ஒரு பெருங்காப்பியம் மீண்டும் கிடைத்தது.

அந்நூலுக்குப் பழங்காலத்தில் உரை எழுதிய நச்சினார்க்கினியரும் சைவரே. அவர் முதலில் எழுதிய உரையைச் சமணர் ஏற்கவில்லையென்றும், பின் அவர் சமணர் நூல்களை முறையாகப் பயின்று மீண்டும் திருத்தமாக எழுதினார் என்றும் வழிவழிச் செய்தி ஒன்று வழங்குகிறது. ஒரு சமயத்தைப் பற்றி எழுதியது சரியா என்பதற்கு அச்சமயத்தாரே நடுவர் என்னும் நல்ல நெறியை அச்செய்தி காட்டுகிறது.

திருக்கோவலூரும் இத்தகைய நிகழ்ச்சி ஒன்றைக் கண்டது. பிரான்சு நாட்டில் பிறந்த கத்தோலிக்கத் துறவி ஒருவர் 1948ஆம் ஆண்டு தமிழகம் வந்து, குளித்தலைக்கு அருகே காவிரிக்கரையில் நண்பர் மொன்சானின் அடிகளோடு சாந்திவனம் என்னும் ஆசிரமத்தை 1950ஆம் ஆண்டில் நிறுவினார். அபிஷிக்தானந்தர் என்பது அவர் பூண்ட பெயர். 1955ஆம் ஆண்டின் இறுதியில் அவர் திருக்கோவலூர்த் தபோவனத்துக்கு வந்து ஞானானந்தகிரி அடிகளைக் கண்டார். மீண்டும் வந்து அவரருகே தங்கினார். அவரைக் குருவாகப் போற்றி நூலும் எழுதினார். ஆயினும், 1973இல் மறையும்வரை அவர் கிறித்தவத் துறவியாகவே வாழ்ந்தார். இரு நெறிகளையும் நெஞ்சில் தாங்குவது அவருக்கு எளிதாக இல்லை. நெடுங்காலம் அவர் உள்ளத்தில் போராட்டம் நிகழ்ந்தது. பிறரிடம் பகைமை கொள்வதினும் தம் உள்ளத்தில் அப்போராட்டத்தை ஏற்பது மேலானது என்பதை அவர் வாழ்க்கை உணர்த்துகிறது.

அதே திருக்கோவலூரைப் பற்றி வைணவர் கூறும் வரலாறு ஒன்றும் இங்கே கருதத்தக்கது. மழை பொழியும் இருண்ட இரவில், ஒரு வீட்டின் குறுகிய இடைகழியில் பொய்கையாழ்வார் ஒதுங்கினார். அங்கே ஒருவர் படுக்கலாம். அடுத்துப் பூதத்தாழ்வார் வந்தார், இருவரும் அமர்ந்தனர். பின்னர்ப் பேயாழ்வார் வந்தார். மூவரும் எழுந்து நின்றனர். அப்பொழுது நான்காமவர் ஒருவர் நெருக்குவதை உணர்ந்து, அவர் திருமாலே என்று கண்டனர் என்பர். இடம் போதவில்லை என்று எவரும் எவரையும் வெளியே தள்ளவில்லை. பின்னே வந்தவர்க்கு முன்னே இருந்தவர் இடங்கொடுத்தார். அவ்வாறு இடங்கொடுத்த இடத்தில்தான் இறைவனும் வந்து நின்றான்.

இருபத்திரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்னரே, அசோக மாமன்னன் தன் பன்னிரண்டாம் பாறைக் கல்வெட்டில் இவ்வுண்மையைப் பொறித்தான். தன் சமயத்தின்மீது கொண்ட பற்றால் பிறர் சமயத்தைப் பழிப்பவன் தன் சமயத்துக்கே பெருங்கேடு செய்கிறான் என்பதும், ஒருவர் கொள்கையை மற்றவர் கேட்டறிதல் வேண்டும் என்பதும் அதன் கருத்து. 1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பும், தாம் விரும்பும் சமயத்தை ஏற்று ஒழுகும் உரிமையை அனைவர்க்கும் வழங்கியுள்ளது. அவ்வுரிமை பொது அமைதிக்கும் ஒழுக்கத்துக்கும் உட்பட்டது என்றும் வரையறுத்துள்ளது. சட்டம் பூசலைத் தடுக்கலாம். அறியாமையைப் போக்குதல் அதனால் இயலாது. அது கல்வியின் கடமை.

பள்ளியில் ஒரே பலகையில் பல சமயத்துப் பிள்ளைகள் அமர்கின்றனர். நோன்பு நாளில் உடன் பயிலும் நண்பன் ஏன் உண்ணவில்லை, சமண வீட்டுத் தோழி ஏன் பொழுது சாய்வதற்கு முன்னரே உணவை முடிக்கிறாள், சிலுவையின் முன் மண்டியிடுபவன் எதனை நினைக்கிறான், கற்பூர ஒளியின் முன் கைகூப்புபவள் எதனை வேண்டுகிறாள் என்பவற்றை அவரவரிடமே அன்போடு கேட்டறிய இதனினும் ஏற்ற இடமும் பருவமும் வாய்ப்பது அரிது. கேட்பதனால் ஒருவன் தன் சமயத்தை இழப்பதில்லை. பிறர் சமயத்தைப் பற்றிய பொய்களையே இழக்கிறான். நாளை ஊரில் ஒரு வதந்தி எழுந்து, மக்கள் கல்லும் கழியும் எடுக்கும் வேளை வருமாயின், 'அவர்களை நான் அறிவேன். அவர்கள் அத்தகையவர் அல்லர்' என்று துணிந்து சொல்ல ஒருவரேனும் வேண்டும். இளமையில் கேட்டறிந்தவரே அவ்வாறு சொல்ல வல்லவர்.